பையில் கூல் லிப் கிடைத்த மாணவனுக்கு டிசி கொடுத்துவிடலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சென்னைப் புறநகரில், நகரத்திலிருந்து இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டிய அரசு உதவி பெறும் பள்ளி. நீங்கள் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. உங்கள் வகுப்புப் பையன் ஒருவனின் பையில், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலையான கூல் லிப் பாக்கெட்டும், பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையும் கிடைத்திருக்கின்றன. அம்மா தூய்மைப் பணியாளர், அப்பா குடிப்பவர். டிசி கொடுத்து அனுப்பிவிட்டால் மற்ற பிள்ளைகள் தப்பிப்பார்கள் என்கிறது நிர்வாகம். இல்லாவிட்டால் ஏதாவது மறுவாழ்வு மையத்தில் இருந்து குணமாகி வரட்டும் என்கிறார் தலைமையாசிரியர். போன மாதம் பத்தாம் வகுப்பில் வேப் என்கிற இ-சிகரெட் வைத்திருந்த பையனை, அவன் அப்பா காரில் வந்து பேசியதும், புத்தி சொல்லி வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். டிசி கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "இவனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?" என்று ஒரு வரி இருக்கிறது. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். போதை மீட்பு வார்டிலும், பிறகு பள்ளிகளோடும் பல வருடங்கள் வேலை பார்த்தவன். மருத்துவர் இல்லை, வக்கீலும் இல்லை. அந்தப் பையனைப் பார்க்காமல் அவனுக்கு இன்ன சிகிச்சைதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பள்ளி என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 16-ஆம் பிரிவில் சொல்கிறது. 2019-ல் வந்த திருத்தம் ஃபெயில் ஆக்குவதற்கு வழி விட்டதே தவிர, நீக்கத் தடையில் கை வைக்கவில்லை. ஆனால் அந்தத் தடை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. உங்கள் பையன் ஒன்பதாவது. ஆகவே "டிசி கொடுப்பது சட்டவிரோதம்" என்று ஒரே போடாகப் போட்டு நிர்வாகத்தின் வாயை அடைக்க முடியாது. 2022 மே மாதம் ஆசிரியர்களிடம் அத்துமீறும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணமும் சான்றிதழில் எழுதப்படும் என்று பள்ளிக்கல்வி அமைச்சரே சட்டமன்றத்தில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தை உரிமைக்காரர்கள் அப்போது பதறியது எதற்கென்றால், டிசியில் எழுதப்படும் ஒரு வரி அந்தப் பிள்ளை ஏறும் ஒவ்வொரு படியிலும் கூடவே வரும் என்பதற்காகத்தான்.

உங்கள் பக்கம் உறுதியாக நிற்கும் சட்டம் வேறொன்று: இளைஞர் நீதிச் சட்டம், 2015. போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் ஆபத்தில் இருக்கும் 18 வயதுக்குட்பட்டவரை அது பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே வகைப்படுத்துகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் குழந்தைக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தையை வைத்து விற்றாலோ, கடத்தினாலோ 78-ஆம் பிரிவில் அதே தண்டனை. சட்டத்தின் கண்ணில் குற்றவாளி கொடுத்தவன், உங்கள் மாணவன் பாதிக்கப்பட்டவன். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பையனின் பையைத் திறந்த அன்று, அந்தப் பாக்கெட் எந்தக் கடையில் வாங்கியது என்று உங்கள் பள்ளியில் யாராவது விசாரித்தார்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மூரில் பள்ளிகள் யாரையும் "நீக்குவது" அபூர்வம். அம்மாவை வரச்சொல்லி, "சொந்தக் காரணங்களால் டிசி கேட்கிறேன்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். படிக்கத் தெரியாவிட்டால் ஆபீசில் யாராவது எழுதுவார்கள், அம்மா கையெழுத்து மட்டும் போடுவார். பதிவேட்டில் பெற்றோர் விருப்பம் என்று ஏறிவிடும். இப்படிப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டியல் சாதி, எத்தனை பேர் குடிசை மாற்றுக் குடியிருப்பு என்று பிறகு யார் நினைத்தாலும் எண்ண முடியாது. உங்கள் மாணவன் விஷயத்தில் அப்படி ஒரு தாள் தயாரானால், அந்த அம்மாவிடம் கையெழுத்துக்கு முன்னால் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

டிசி கொடுத்தால் மற்ற பிள்ளைகள் தப்பிப்பார்களா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: மாட்டார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த ஒரு குழு, சிறு தவறுக்கும் உடனே வெளியே அனுப்பும் கெடுபிடி முறையைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் அலசி, 2008-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. அந்த முறையால் பள்ளிகள் பாதுகாப்பானதற்குச் சான்று இல்லை என்றுதான் அது சொன்னது. அங்கே கறுப்பின மாணவர்கள் அதிகம் தண்டிக்கப்படுவதற்கு அவர்கள் அதிகம் தவறு செய்வதோ வறுமையோ மட்டும் காரணமாகத் தெரியவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அமெரிக்காவை அப்படியே இங்கே ஒட்டவைக்க நான் சொல்லவில்லை. ஆனால் வார்டில் நான் பார்த்த இளைஞர்களிடம் "எப்போது முற்றியது" என்று கேட்டால், பள்ளி நின்ற காலத்தைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். காரணம் சிக்கலானது இல்லை. பதினாலு வயதுப் பையனுக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை போக ஓர் இடம் இருந்தது. அதை எடுத்துவிட்டால் அவன் கேட்டரிங் வேலைக்கோ, மீன் லோடு இறக்கவோ போவான். கையில் காசு வரும், அண்ணன்மார் சகவாசம் வரும், சரக்கு கிடைக்கும் இடமும் பக்கத்திலேயே வரும். மற்ற பிள்ளைகளோ அதே குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். காலையில் வகுப்பில் பார்க்காத அவனை மாலையில் மாடிப்படியில் பார்ப்பார்கள்.

இடம் மாற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி இடங்களுக்கு வந்தவர்கள் பலர் கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவிலும் தலைமுறைகளாக இருந்தவர்கள். வீடு மாறியதோடு வேலையும், பிள்ளைகளின் பள்ளியும், தெரிந்த மனிதர்களும் மாறிப்போனார்கள். அங்கே முகவரியைச் சொன்னாலே முகம் மாறும் முதலாளிகள் உண்டு. அந்த முகவரி பள்ளியிலும் வேலை செய்கிறது. வேப் வைத்திருந்தவன் "சேர்க்கை சரியில்லாத நல்ல பையன்" ஆகிறான், கூல் லிப் வைத்திருந்தவன் "அந்த ஏரியா பையன்" ஆகிறான். இரண்டிலும் இருப்பது நிக்கோட்டின்தான். சொல்லப்போனால் இ-சிகரெட் விற்பனையையும் இருப்பு வைப்பதையும் நாடு முழுக்க 2019-லேயே தடை செய்துவிட்டார்கள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் வைக்க வேண்டிய முதல் வாதம் இது என்று நினைக்கிறேன்: போன மாதம் அவனுக்கு எது போதுமானதாக இருந்ததோ, இந்த மாதம் இவனுக்கும் அது போதுமானதாக இருக்க வேண்டும். இரக்கம் கேட்காதீர்கள், ஒரே விதி கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பை சோதனை என்றால் எல்லாப் பைகளும், அல்லது எதுவும் இல்லை.

இப்போது பையில் இருந்தவற்றுக்கு வருவோம். மாத்திரை அட்டை என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, அட்டையின் பின்புறம் என்ன பெயர் அச்சாகியிருந்தது என்று எழுதவில்லை. யாராவது படித்தார்களா? அது அம்மாவின் இடுப்பு வலிக்கு வாங்கிய பாராசிட்டமாலாக இருக்கலாம். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பையில் அதே அட்டை இருந்திருந்தால் "தலைவலியா?" என்று கேட்டிருப்பார்கள். டேபென்டடால், டிரமடால் என்று இருந்தால் விஷயம் வேறு. இரண்டும் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மாத்திரைகள். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக் கூடியவை. டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். பொடித்து, கரைத்து, ஊசியில் ஏற்றும் பழக்கம் நம் நகரங்களில் இருக்கிறது. ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் தொற்றும் ஆபத்து உண்டு. அல்பிரசோலம், நைட்ரசிபாம் மாதிரி தூக்க மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே பெயரைப் பாருங்கள், அந்தப் பெயரோடு பையனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். பள்ளியில் வைத்து "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்காதீர்கள்.

கூல் லிப் மட்டும்தான் என்றால் பெரும்பாலும் படுக்கையில் சேர்க்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. அவன் அதை விட முயலும்போது முதல் வாரம் கடினமாக இருக்கும். எரிச்சல், தூக்கமின்மை, பாடத்தில் மனம் நிற்காமை எல்லாம் வரும். இரண்டு முதல் நாலு வாரத்தில் படிப்படியாகத் தணியும். அந்த நாட்களில் அவன் எரிந்து விழுந்தால் அதை இன்னொரு ஒழுங்கு மீறலாகப் பதிவேட்டில் ஏற்றிவிடாதீர்கள். என் அனுபவத்தில் நிறைய பள்ளி முயற்சிகள் உடைந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

கேள்விக்கு வெளியே ஒன்று, ஆனால் உயிர் விஷயம். பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் முகரும் பிள்ளைகளும் உங்கள் பகுதியில் இருக்கலாம். எய்ம்ஸ் 2018-ல் எடுத்து 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகம் காணப்பட்ட ஒரே போதை இந்த முகரும் வகைதான்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. முகர்ந்த நிலையில் இருக்கும் பிள்ளையைக் கழிப்பறைப் பக்கம் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த வேதிப்பொருள் இதயத் துடிப்பைத் தடுமாற வைத்திருக்கும். அதன்மேல் திடீர் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயம் நின்றே போகலாம். அமைதியாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். இதை உங்கள் பி.டி. சாரிடமும் வாட்ச்மேனிடமும் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

பையனிடம் எப்படிப் பேசுவது? "ஏன்டா போட்ட?" என்று கேட்டால் தலை குனிவான், அவ்வளவுதான். "போடாத நாள்ல எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு பையன் எனக்குச் சொன்ன பதில், "பசிக்கும் சார்." நிக்கோட்டின் பசியை மட்டுப்படுத்தும், பையன்கள் அதைப் புத்தகம் படிக்காமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அம்மா விடியற்காலையில் துப்புரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார், வீட்டில் காலைச் சாப்பாடு கிடையாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. சத்துணவு மதியம்தான். இடையில் நாலு மணி நேரத்தை உதட்டுக்குள் அடக்கிய ஒரு பொட்டலம் தாங்கிக்கொள்கிறது. உங்கள் மாணவனின் காரணமும் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் தெரியாது. பதில் இதுவாக இருந்தால் தினமும் இரண்டு இட்லிக்கு வழி செய்வதும் சிகிச்சையில் சேரும். பழைய மாணவர்கள், பக்கத்துக் கடைக்காரர் என்று யாரையாவது பிடித்தால் இது முடியாத காரியமில்லை.

மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் யோசனையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். சிகிச்சையைத் தண்டனையாக மாற்றாதீர்கள். "குணமாகி வா, அப்புறம் வகுப்பு" என்றால் அவனுக்கு அது ஜெயில். தமிழ்நாட்டில் நல்ல மையங்கள் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இந்தத் துறைக்கே முன்னோடி. அவர்களே பின்னர் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, குடிநோயாளிகளுக்கு அவர்கள் ஊரிலேயே, குடும்பத்தையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை கொடுத்துக் காட்டினார்கள். ஆளை ஊரிலிருந்து பிரித்தால்தான் குணமாகும் என்பதில்லை. மறுபக்கம், போன் பண்ணினால் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகிற இடங்களும் இருக்கின்றன. அடி, பட்டினி, பூட்டிய அறை என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, போதை தொடர்பான மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. உள்நோயாளிகளை வைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரை விதிவிலக்காக மட்டுமே சேர்க்கலாம், பெரியவர்களிடமிருந்து தனியாக வைக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டாலே பாதி இடங்களின் லட்சணம் தெரிந்துவிடும். முதல் படியாக 14416-க்கு அழைத்து மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். மூன்றும் இலவசம்.

அப்பாவை விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அவர் குடியை நிறுத்த முன்வந்தால், மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். தினமும் அதிகம் குடித்தவருக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையில் அதற்கு மருந்து உண்டு, பிறகு குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் உண்டு, காசு கிடையாது. வீட்டில் குடி தணிந்தால் பையனும் விட்டுவிடுவான் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இரவில் தூங்குவான்.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா? வேண்டும். விதியை மீறியிருக்கிறான், பின்விளைவு இல்லையென்றால் மற்ற மாணவர்களுக்கும் அது நியாயமாகப் படாது. ஆனால் அது அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதாக இருக்கக் கூடாது. காலை வணக்கத்தில் பெயரைச் சொல்லி அவமானப்படுத்துவதாகவும் இருக்கக் கூடாது. தினமும் பத்து நிமிடம் அவன் நம்பும் ஒருவரைப் பார்த்துப் பேச வேண்டும், கொஞ்ச நாள் இடைவேளையில் வெளியே போகக் கூடாது, பெற்றோர் வர வேண்டும். பெற்றோர் வருவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு அழைத்தால் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். வரவில்லை என்றால் "அக்கறை இல்லாத குடும்பம்" என்று எழுதுவார்கள். அவர் வேலை முடியும் நேரத்தைக் கேட்டு மதியம் மூன்றுக்கு அழையுங்கள், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிப் பேசுங்கள்.

எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசித் தீர்க்கும் முறையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதைச் சர்வரோக நிவாரணியாக விற்க மாட்டேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பள்ளிகளில் முறையாகச் செய்த ஒரு பரிசோதனையின் முடிவு 2018-ல் வந்தது. இடைநீக்க நாட்கள் குறைந்தன, இன வேறுபாடும் குறைந்தது, ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் சரிந்தது. வகுப்பில் அறுபது பேரை வைத்திருக்கும் ஆசிரியரிடம் கூடுதல் ஆள் கொடுக்காமல் இதைத் திணித்தால் இங்கேயும் அதுதான் நடக்கும் என்பது என் கணிப்பு, நிரூபணம் அல்ல. சாதி வெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பெரிய பள்ளிகளுக்கென்று பள்ளி நல அலுவலர் பணியிடம் கேட்டது. சாதிப் பிரச்சினையை முன்வைத்துக் கேட்டார்கள், ஆனால் உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைகளுக்கும் தேவைப்படும் ஆள் அவர்தான். ஆசிரியையே கவுன்சிலராகவும் காவலராகவும் இருக்க முடியாது.

அவன் மற்றவர்களுக்குக் கொடுத்திருந்தால்? சினேகிதனுக்கு ஒன்று நீட்டுவதும் யாரோ ஒருவனுக்காக விற்பதும் ஒன்றல்ல. பின்னது என்றால் பள்ளிக்குள்ளேயே அமுக்காதீர்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கோ 1098-க்கோ சொல்லுங்கள், அவனைப் பயன்படுத்தியவன்மேல் நடவடிக்கை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நேரே காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டாம்.

இன்னும் சில வாரங்களில் மறுபடி ஒரு பாக்கெட் கிடைக்கக் கூடும் என்பதற்கும் தயாராக இருங்கள். மீட்பில் சறுக்கல் சகஜம், புகையிலையில் மிகச் சகஜம். இரண்டாவது முறை என்ன செய்வோம் என்று இப்போதே தலைமையாசிரியரோடு பேசி எழுதிவைத்தால், அன்றைக்குக் கோபத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு நிர்வாகம் டிசிதான் என்று நின்றால், மூன்று விஷயங்களுக்காக மட்டும் சண்டை போடுங்கள். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். டிசியில் நடத்தை என்ற இடத்தில் அவனுக்கு எதிராக ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. அடுத்த பள்ளியில் இடத்தை நிர்வாகமே பேசி வாங்கித் தர வேண்டும், அது உறுதியான பிறகே இங்கே பெயரை அடிக்க வேண்டும்.